கியர் பாக்ஸுக்கு எண்ணெய்க் குளியல்

டாக்சி மாத்ருபூதத்துக்குத் தெரியாத சங்கதியே கிடையாது. அவரே அப்படித்தான் சொல்வார். காரியம் கெட்டபிறகு, அதே வாயால் தன்னைப்போல ஒரு முட்டாள் காவிரிக்கு இரண்டு கரையிலும் இல்லை என்றும் சொல்வார்.

ஐம்பத்தெட்டாம் வருஷத்துச் சித்திரை வெயிலில் அவருடைய ஸ்ரீரங்கத்து டாக்சிக்குக் கியர் பாக்ஸ் சூடு கண்டது. கால் வைக்கும் பலகையில் அப்பளம் போட்டால் பொரிந்துவிடும். வண்டி பாலத்தில் ஏறினால், அது போடும் சத்தத்துக்கு மலைக்கோட்டைப் புறாக்கள் கலைந்து பறக்கும். திங்கட்கிழமை பிரேக் இன்ஸ்பெக்டரிடம் காட்டி, வண்டி ஓடத் தகுதி என்று எஃப்.சி. வாங்கியாக வேண்டும். கிடைக்காவிட்டால் காந்தி மார்க்கெட்டில் மைத்துனன் வீரமலையின் வாழைத்தார் மண்டிதான் கதி. அங்கே அவருக்கென்று ஒரு முக்காலி துடைத்துத் தயாராக இருந்தது.

அரியமங்கலம் மெக்கானிக் முகமது இஸ்மாயில் சொன்னான்: "கெட்டியான கியர் ஆயில் ஊத்துங்கண்ணே. இன்ஜின் ஆயிலையே இதுக்கும் ஊத்தினா சூட்டுல தண்ணியாயிடும், பல்லும் பல்லும் உரசிக்கும்."

"உஷ்ணத்துக்கு எந்த எண்ணெய்னு எனக்கா சொல்றீங்க, பாய்?"

சனிக்கிழமை காலை, நல்லெண்ணெயும் விளக்கெண்ணெயும் பாதிப்பாதி கலந்து பதமாகக் காய்ச்சினார். குளிர்ச்சிக்கு, முதல்நாளே ஊறவைத்த வெந்தயம் ஒரு படி. எல்லாவற்றையும் கியர் பாக்ஸுக்குள் ஊற்றினார்.

மனைவி ரெங்கம்மாள் எட்டிப் பார்த்தாள். "சீயக்காய் வேணாங்களா?"

"சிரி. உனக்குச் சூடுன்னா நீ என்ன பண்ற?"

"எண்ணெய் தேய்ச்சுக் குளிப்பேன். அன்னிக்கு ஒரு வேலையும் பாக்க மாட்டேன். அதையும் உங்க வண்டிக்குச் சொல்லி வைங்க."

ஆனால் வண்டி பூனைபோல் ஓடியது. சத்தம் இல்லை, சூடு இல்லை. மாத்ருபூதம் இரண்டு நாள் தரையில் நடக்கவில்லை.

திங்கட்கிழமை பெருமாள் கோயில் மொட்டைக் கோபுரத்து முன்னால் கற்பூரம் கொளுத்தி, எலுமிச்சம்பழம் நசுக்கி, வண்டியை ரிவர்ஸ் எடுத்தார். எடுத்த கியர் அப்படியே நின்றது. வெந்தயம் அரைபட்டு, விழுதாகி, உள்ளே கெட்டித்துவிட்டது. தள்ளினார், இழுத்தார், கும்பிட்டார். அசையவில்லை. நேரமோ போய்க்கொண்டிருந்தது. கண்ணாடியில் வழி பார்த்துக்கொண்டு ரிவர்ஸிலேயே பாலம் ஏறினார். பின்னால் வந்த குதிரை வண்டிக்காரர் பாலம் முழுக்க அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"அண்ணே, போறீங்களா, வரீங்களா?"

"எஃப்.சி.க்குய்யா!"

ஆபீஸ் வாசலில் பிரேக் இன்ஸ்பெக்டர், பளிச்சென்ற நாமத்தோடு, இடுப்பில் கைவைத்து நின்றார்.

"என்னய்யா இது, பின்பக்கமா?"

மாத்ருபூதத்தின் வாய் அவரைக் கேட்காமலே பேசியது. "பெருமாளைச் சேவிச்சுட்டு வரேனுங்க. சந்நிதியில முதுகு காட்டலாமுங்களா? அப்படியே பின்னாடியே வந்துட்டேன்."

இன்ஸ்பெக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. பிரேக் பார்த்தார், ஹாரன் பார்த்தார், விளக்கு பார்த்தார். எல்லாம் சரி. பேனாவைத் திறந்தவர், மூடிவிட்டு முன் சீட்டில் ஏறிக்கொண்டார்.

"பேஷ்! நானும் பெருமாள் சேவிக்கத்தான் கிளம்பிண்டிருக்கேன். ஓட்டம் எப்படின்னு போறவழியில பாத்துக்கறேன். இப்போ அவரைப் பாத்துத்தானே போறோம்? முன்னாடியே ஓட்டும்."

மாத்ருபூதம் ரங்கனை நினைத்தார். மாத்ருபூதம் என்று பெற்றோர் யார் பெயரை வைத்தார்களோ, அந்த மலைக்கோட்டைத் தாயுமானவரையும் அவசரத்துக்குத் துணை சேர்த்துக்கொண்டார். கிளட்சை விட்டார். வண்டி குறையாத பக்தியோடு பின்னால் போய் ஆபீஸ் வேப்பமரத்தில் சாய்ந்தது.

இன்ஸ்பெக்டர் மூக்கை உறிஞ்சினார். "தாளிச்ச வாசனை வரதே?"

கியர் பாக்ஸைச் சரிபண்ணிக் கொண்டுவரும் வரை வண்டி ரோட்டில் ஏறக் கூடாது என்று உத்தரவு. இஸ்மாயில் அதைக் கழற்றியபோது வெந்தயம் முளைத்து இரண்டு இலை விட்டிருந்தது. "கீரைக் கட்டு ஒண்ணு தேறும்ணே, அண்ணிக்குக் குடுத்து விடவா?" என்றான்.

மறுநாள் மாத்ருபூதம் மண்டிக்குப் போனார். முகத்தைக் காட்டக் கூச்சமாக இருந்தது. வாசலில் திரும்பி நின்று, முதுகை முன்விட்டு உள்ளே நடந்தார்.

வீரமலை முக்காலியை நகர்த்திப் போட்டான். "வாங்க மச்சான். பாத்து, மெதுவா. இன்னும் கொஞ்சம் ரிவர்ஸ் வாங்க."