மரச்சீவல் சூடு

எழுபத்து மூன்றில் மின்வெட்டு வந்ததும் அம்பத்தூர்த் தொழிற்சாலைகளில் பாதி படுத்துவிட்டன. நாகப்பனுடைய கம்பெனி மட்டும் படுக்கவில்லை. முதலாளி ஒரு பழைய பாய்லரையும் நீராவி இயந்திரத்தையும் வாங்கிப் போட்டு, மரச்சீவலை எரித்துச் சொந்தமாக மின்சாரம் எடுத்தார். பாய்லரில் தீ போடுவது நாகப்பன். பின்பக்கம் ஆள் உயரத்துக்குக் கிடந்த சீவலைக் கூடையில் அள்ளிவந்து கொட்டுவது அவன் மனைவி வேம்புலியம்மாள். நீராவி அழுத்தத்தைக் காட்டும் முள் ஒரு தடவை இறங்கி விளக்கு அணைந்தாலும் சீட்டு கிழிந்துவிடும் என்று மேஸ்திரி துலுக்கானம் சொல்லிவைத்திருந்தார்.

ஈரச் சீவலைக் குவித்துப் போட்டால் உள்ளே தானாகச் சூடேறும். மழைக்காலத்தில் பெண்கள் கஞ்சித் தூக்கை அதற்குள் புதைத்துவைப்பார்கள். மத்தியானம் எடுத்தால் கை சுடும். அந்தக் குவியலைக் கண்டு யார் பயப்படுவார்கள்?

ஐப்பசியில் நாலு நாள் விடாத மழை. ஐந்தாம் நாள் காலை, கஞ்சியைப் புதைத்துவிட்டு அள்ளப் போன வேம்புலியம்மாள் வெறுங்கூடையோடு வந்து நின்றாள்.

“இன்னாயா, குவியல்ல காந்தல் வாசன வருது. கால வெக்க முடியல.”

“மழ பேஞ்சா ஆவி வுடாதா? கஞ்சி வெக்கசொல்லோ மட்டும் நல்லாகீதா? முள்ளு எறங்கிக்கினு கீது, போய் அள்ளு!”

அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பாழாய்ப்போன முள்ளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் போய் ஏறினாள். உள்ளுக்குள்ளேயே எரிந்து கூடாகிக் கிடந்த குவியல், இடுப்புவரை அவளை இழுத்துக்கொண்டது. அலறல் கேட்டு நாகப்பன் ஓடினான்; கை வேக வேக அவளைத் தூக்கிப் போட்டான். அதற்குள் பட்டறையில் விளக்கெல்லாம் அணைந்திருந்தது.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்கு விசாரிக்க வந்த அதிகாரி, புகையும் குவியலில் அவளை ஏறச் சொன்னது யார் என்று கேட்டார். நாகப்பன் வாயைத் திறந்தான். அவள் முந்திக்கொண்டாள்.

“யாரும் சொல்லல சாமி. எங்கூட்டுக்காரரு வேணாம்னுதான் சொன்னாரு. நான்தான் ஏறினேன். அவர வேலைய வுட்டு எடுத்துறாதீங்க.”

“அப்படியா?” என்று அதிகாரி அவனைக் கேட்டார்.

நாகப்பன் கட்டுப்போட்ட கைகளைப் பார்த்தபடி தலையை ஆட்டினான். பொழுது சாய்வதற்குள் அவள் போய்விட்டாள்.

வேலை போகவில்லை. கை ஆறி அவன் திரும்பிய அன்று, பழைய குவியலில் மிச்சமிருந்ததை அள்ளிவந்து கொட்டினார்கள். சீவலோடு உருண்டு வந்தது அவளுடைய தூக்கு, கருகிப்போய், மூடி போட்டபடியே.

“முள்ளு எறங்குதுய்யா, தீய போடு!” என்று துலுக்கானம் கத்தினார்.

நாகப்பன் தரையில் உட்கார்ந்து, திறக்க வராத அந்த மூடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.