தின்னக்கூடிய சிவப்பு

பெயின்ட் கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள், லீவு நாளிலும் அக்கா வீட்டு அடுப்பில் பெயின்ட் காய்ச்சினால் யார்தான் சிரிக்க மாட்டார்கள்? அக்கா சிரித்தாள். அக்காவின் கணவரும் சிரித்தார். அவள் பதில் பேசாமல் சோள மாவைத் தண்ணீரில் கரைத்துக்கொண்டிருந்தாள். பேச்சு குறைவு என்பதால் அந்த வீட்டில் அவளுக்கு ஊமச்சி என்று பெயர்.

"என் பொண்ணுக்குச் சோறு ஊட்டினா சுவத்துல பூசுறா. பூசுறதுக்குக் கொடுத்தா திங்கப்போறா. எல்லாம் தலைகீழ்," என்றார் மாமா.

"திங்கட்டும் மாமா. அதுக்குத்தான் இது."

"அடேயப்பா, ஊமச்சி வாயில இருந்து முழுசா ரெண்டு வாக்கியம்!"

அக்காவின் மகளுக்கு ஒரு வயது இரண்டு மாதம். பொடிசு என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பாள். கையில் எது கிடைத்தாலும் வாய்க்குப் போய்விடும். சாவி, செருப்பு வார், மாமாவின் காது எதுவும் தப்பவில்லை. அப்படிப்பட்ட பிள்ளையிடம், விரலால் பூசி விளையாடத்தான் என்றாலும், கடையில் வாங்கிய பெயின்ட்டைக் கொடுக்க ஊமச்சிக்கு மனம் வரவில்லை. வாயில் போனாலும் கெடுதல் செய்யாத ஒன்றைத் தானே செய்வது என்று முடிவு செய்தாள்.

மாவுக்கு நான்கு பங்கு தண்ணீர். கட்டி தட்டாமல் கிளறி, கூழ் கண்ணாடி போலத் தெளிந்ததும் இறக்க வேண்டும். நன்றாக ஆறிய பிறகுதான் பீட்ரூட் சாறு. சூட்டில் ஊற்றினால் சிவப்பு செத்துப் பழுப்பாகிவிடும். கீரைச் சாற்றில் பச்சை, மஞ்சள் தூளில் மஞ்சள். ஃப்ரிட்ஜில் மூன்று நாள், அதற்குமேல் சாக்கடைக்கு. கம்பெனியில் பதம் பார்ப்பது போலவே, அடியில் ஓட்டை போட்ட கிண்ணத்தில் ஊற்றி எத்தனை நொடியில் ஒழுகுகிறது என்றுகூடப் பார்த்தாள்.

"இனிப்பு மட்டும் சேர்த்துடாதடி," என்றாள் அக்கா. "அப்புறம் பெயின்ட்னா பலகாரம்னு நினைச்சுக்குவா."

அவள் தலையாட்டினாள். தலையாட்டுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை.

முதல் சனிக்கிழமை பொடிசு சிவப்பை ஒரு விரலில் தொட்டு நக்கினாள். முகம் கோணியது. துப்பிவிட்டு, அழுதுகொண்டே அம்மாவிடம் தவழ்ந்து போய்விட்டாள். குளியலறைத் தரையில் விரித்த காகிதம் வெள்ளையாகவே கிடந்தது. ஊமச்சி அதைச் சுருட்டி எடுத்தாள். பெரியவர்களிடம் ஒட்டத்தான் அவளுக்கு வராது. குழந்தையிடமாவது வரும் என்று நம்பியிருந்தாள்.

அடுத்த வாரம், அக்கா துணி காயப்போடப் போன நேரம் பார்த்து, சிவப்பில் இரண்டு ஸ்பூன் பேரீச்சம்பழப் பாகு கலந்தாள்.

பொடிசு நக்கினாள். யோசித்தாள். மறுபடி கையை விட்டாள். பிறகு காகிதம், தரை, தொடை, சித்தியின் மூக்கு என்று எல்லா இடமும் சிவந்தது. அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் வாசலில் சித்தியின் குரல் கேட்டாலே பிள்ளை இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வந்தாள்.

"சித்தின்னா உயிரு இவளுக்கு. என்னடி மந்திரம் போட்ட?" என்றாள் அக்கா.

ஊமச்சி சிரித்து மழுப்பினாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் அவளுக்கு உடம்பு கூசுகிறது.

ஆறு வாரம் அப்படிப் போனது. ஏழாவது வாரம் ஒரு புதன்கிழமை, மாமா லீவு போட்டுவிட்டு பால்கனிக் கம்பிக்கு எனாமல் பெயின்ட் அடித்தார். அதுவும் சிவப்பு. ஃபோன் மணி அடித்தது. எடுக்க உள்ளே போனவர் டப்பாவை மூடவில்லை. திரும்பி வந்தபோது பொடிசு டப்பாவின் அருகில் உட்கார்ந்திருந்தாள். மணிக்கட்டு வரை சிவப்பு, வாயெல்லாம் சிவப்பு. அழவில்லை. கசப்புக்குப் பின்னால் இனிப்பு வரும் என்று காத்திருந்தவள் போல, மறுபடியும் விரலை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள்.

பரிசோதனைக் கூடத்தில் ஊமச்சியின் ஃபோன் அலறியது. "பெயின்ட்டைத் தின்னுட்டாடி! விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்கவா?" என்றாள் அக்கா.

"வேண்டாம்! தொடாதே! வாந்தி எடுத்தா அதுல இருக்கிற டர்பன்டைன் நுரையீரலுக்குப் போயிடும். அப்படியே தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடு. டப்பாவையும் எடுத்துட்டுப் போ!"

அவள் அவ்வளவு சத்தமாகப் பேசி அங்கே யாரும் கேட்டதில்லை.

நுரையீரலில் லேசான பாதிப்பு இருந்தது. பிள்ளையை ஐந்து நாள் வைத்துப் பார்த்தார்கள். "வாந்தி எடுக்க வைக்காதது ரொம்ப நல்லதாப் போச்சு. யார் சொன்னது?" என்று டாக்டர் கேட்டபோது அக்கா தங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "இவ இல்லைன்னா என் பிள்ளை இல்ல டாக்டர்." பிறகு புருஷன் பக்கம் திரும்பி, "ஒரு நிமிஷம் பார்த்துக்கத் துப்பில்ல," என்றாள்.

மாமா தலை குனிந்து நின்றார்.

ஊமச்சி சொல்லியிருக்க வேண்டும். ஒரே ஒரு வாக்கியம். நாக்கு நுனி வரை வந்தது. நாளைக்குச் சொல்லலாம், பிள்ளை வீட்டுக்கு வரட்டும், அக்கா கொஞ்சம் தேறட்டும் என்று தள்ளிப்போட்டாள். வாய்தா கேட்பவனுக்குக் காரணமா இல்லை?

பிள்ளை தேறி வந்தாள். அக்கா ஆறவில்லை. மாமா தனியாகப் பிள்ளையைத் தூக்கக்கூடாது. அவர் குளிக்க வைத்தால் அக்கா பக்கத்திலேயே நின்றாள். கடைவரை கூட்டிப் போகக் கேட்டால் பதில் இல்லை. "உங்கப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு," என்று பேச்சு வராத பிள்ளையிடம் சொல்லி அனுப்பினாள். மாமா வந்து சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார். ஜோக்கடிப்பதை நிறுத்திவிட்டார். இரண்டு மாதம் இதைச் சனிக்கிழமை தவறாமல் வந்து பார்த்துக்கொண்டிருந்தாள் ஊமச்சி.

அப்படி ஒரு சனிக்கிழமை காலை மாமா சமையலறையில் பால் பாட்டில்களைக் கழுவிக்கொண்டிருந்தார். அவள் வாசற்படியில் நின்றாள்.

"மாமா, அந்த பெயின்ட்ல நான் இனிப்பு போட்டேன்."

"தெரியும்."

குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

"ஆஸ்பத்திரியில இருந்து துணி எடுக்க வந்தேன்ல? ஃப்ரிட்ஜைத் திறந்தா, கொட்டாம விட்ட உன் பாட்டில். பொண்ணு எதைத் தேடினான்னு பார்ப்போம்னு நக்கினேன். பீட்ரூட் இந்த அளவுக்கு இனிக்காதேன்னு தோணுச்சு. கொட்டிக் கழுவி வெச்சுட்டேன்."

"ஏன் அக்காகிட்ட சொல்லல?"

"டப்பாவைத் திறந்து வெச்சது நான்தானே. அது பொய்யில்லையே." ஒரு பாட்டிலைக் கவிழ்த்து வைத்தார். "என்மேல கோவம்னா ஒரே வீட்டுல இருந்து கோவிச்சுக்கணும். என்னைக்காவது தீரும். உன்மேல கோவம்னா கதவைச் சாத்திடுவா. அவளுக்குன்னு இருக்கிறது நீ ஒருத்திதான்."

"அதுக்காக நீங்க..."

"விடு. பழகிடுச்சு."

பழகிவிட்டது என்று அவர் சொன்னதுதான் அவளைக் கொன்றது. நேரே அறைக்குப் போனாள். அக்கா பொடிசுக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நீ வேண்டாம்னு சொல்லியும் நான் பெயின்ட்ல பேரீச்சம்பழப் பாகு கலந்தேன். ஆறு வாரமும். சிவப்புல மட்டும்."

அக்காவின் கை பொத்தானில் நின்றது.

"எதுக்கு?"

"எங்கிட்ட வரணும்னு."

அக்கா கத்துவாள் என்று எதிர்பார்த்தாள். அக்கா கத்தவில்லை. மீதிப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டாள். "அவரை ரெண்டு மாசமா தனியாப் பிள்ளையைத் தொட விடலையே நான்," என்றாள், யாரிடமோ சொல்வது போல. "ஒரு தடவை அவர் காலையில முத்தம் கொடுக்க வந்தப்போ கூட, தள்ளி நில்லுங்கன்னு..."

பாதியில் நிறுத்தி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். குழாய் நின்றது. அக்கா ஏதோ சொன்னாள். மாமா ஏதோ சொன்னார். நடுவில் அக்கா விசும்புவது கேட்டது. ஊமச்சி அறையிலேயே நின்றாள். அந்தப் பேச்சில் தனக்கு இடமில்லை என்பது மட்டும் அவளுக்குப் புரிந்தது.

வாசலில் செருப்பு மாட்டும்போது இருவரும் வந்தார்கள். பிள்ளை மாமாவின் தோளில் இருந்தாள். அக்காவின் கண்கள் வீங்கியிருந்தன.

"கொஞ்ச நாள் வராதே. நானே கூப்பிடுறேன்," என்றாள் அக்கா.

அவள் தலையாட்டினாள்.

பொடிசு எட்டிக் குனிந்து சித்தியின் ஆள்காட்டி விரலைப் பிடித்தாள். வாயில் வைத்துச் சப்பினாள். ஒன்றும் வரவில்லை. விரலை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, மறுபடி வாயில் வைத்தாள். பிறகு சித்தியின் முகத்தைப் பார்த்தாள்.

அக்கா அந்தச் சின்னக் கையை மெல்லப் பிரித்து எடுத்தாள்.