ஆற்றோடு போன பெல்ட்

டாக்டர் எக்ஸ்ரே படத்தின்மேல் பென்சிலால் இரண்டு கோடு போட்டார்.

"ஆறு மாசத்துக்கு முன்னால இருபத்தாறு டிகிரி. இப்ப முப்பத்திரண்டு. பெல்ட் போடுதாளா இல்லையா?"

குமரகுருபரன் தங்கையைப் பார்த்தான். விஜயஸ்ரீ தரையைப் பார்த்தாள். பதினாலு வயது. முதுகெலும்பு வளைந்து வலது தோள் ஏறியிருந்தது. ஆபரேஷன் வேண்டாம், வளர்த்தி நிற்கும்வரை ராவும் பகலும் உடம்பைச் சுற்றிக் கெட்டி பிளாஸ்டிக் பெல்ட் போட்டால் வளைவைப் பிடித்து நிறுத்தலாம் என்று போன வருஷமே சொல்லியிருந்தார்கள். தினமும் அதை மாட்டிவிட்டவள் அவன் மனைவி சங்கரி. அவள் செத்து நாலு மாதம். அந்த நாலு மாதமாக அவன் யாரையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

கல்லிடைக்குறிச்சி பஸ் சேரன்மகாதேவி தாண்டியதும் அவன் கேட்டான்.

"பெல்ட் எங்கட்டி?"

"பள்ளிக்கூடத்துல அவளுவ அதைக் கதவு மாதிரி தட்டுதாளுவ அண்ணே. 'வீட்ல யாரு'ன்னு கேக்குதாளுவ. 'வாடகைக்கு விட்டாச்சு, போய்ட்டு வாங்க'ன்னு சொல்லுன்னு மதினிதான் சொல்லிக்குடுத்தாவ. அவுக இருந்தவரைக்கும் எனக்கும் சிரிப்பு வந்துச்சு."

"எங்கன்னு கேட்டேன்."

"பாபநாசத்துக்குக் கொண்டுபோன மூட்டையில வச்சுட்டேன்."

பதினாறாம் நாள் சங்கரியின் துணிகளை ஆற்றில் விட்டது அவன்தான். மூட்டை கனத்தது. ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை. தூக்கி எறிந்துவிட்டுத் தலை முழுகினான்.

"பெல்ட்டுக்குள்ள உறுத்தாம இருக்க மதினி தச்ச துணி கிழிஞ்சிட்டு. உறுத்துச்சு. யார்கிட்ட சொல்லுவேன்?"

மறுநாளே அவளைத் திரும்ப ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான்.

மறுபடியும் உடம்பில் மாவுக்கட்டுப் போட்டு அளவெடுத்தார்கள். மூன்று வாரத்தில் புது பெல்ட் வந்தது.

"கூடினது கூடினதுதான்," என்றார் டாக்டர். "இனிமே கூடாமப் பாப்போம். ரெண்டு வருசம், ஒருநாள் தப்பக்கூடாது."

அன்று சாயங்காலமே பெல்ட் விளிம்பு உரசி அவள் இடுப்பு சிவந்துவிட்டது.

குமரகுருபரன் பீரோவைத் திறந்து அடித்தட்டில் விரித்திருந்த செய்தித்தாளைத் தூக்கினான். அதனடியில் சங்கரியின் கத்தரிப்பூ நிறச் சுங்கடிச் சேலை இருந்தது. மூட்டையில் அதை மட்டும் அவன் வைக்கவில்லை. யாருக்கும் தெரியாது.

விஜயஸ்ரீ சேலையைப் பார்த்துவிட்டாள். "அண்ணே, இது ஆத்துல விடவேண்டியதுல்லா?"

"ஆமா."

முகர்ந்து பார்த்தான். பாச்சை உருண்டை வாசனைதான் வந்தது. கத்திரியை எடுத்தான்.

"முந்தானையை விட்டுருங்கண்ணே."

"அதுதான் கெட்டித் துணி," என்று நறுக்கினான். நாலாக மடித்தான். ஊசியில் நூல் கோக்க மூன்று தடவை முயன்றான். அவள் வாங்கிக் கோத்துக் கொடுத்தாள்.

"எங்கன உறுத்துது?"

அவள் மடியில் கிடந்த பெல்ட்டின் இடது விளிம்பைத் தொட்டுக் காட்டினாள்.