ஆர்லிஸ் வண்டியின் ஹாரன்

ஹாலிஸ் கின்சிக்கு அன்று காலை எதுவுமே பிடிக்கவில்லை. குளிரால் அல்ல. மொன்டானாவில் பிறந்து வளர்ந்தவன் பிப்ரவரிக் குளிரைக் குறை சொன்னால் குதிரையே சிரிக்கும். வேலை முடிந்ததும் ரூபியைச் சித்தப்பா மகன் கோர்டிக்குக் கொடுத்துவிட வேண்டும். காரணம் அதுதான்.

ரூபி அவன் குட்டியிலிருந்தே பழக்கிய செவலைக் குதிரை. மாட்டுக் கூட்டத்தில் எந்தப் பசுவை வெளியே எடுக்க வேண்டும் என்று அவன் நினைப்பதற்குள் அது திரும்பியிருக்கும். டிசம்பரில் ஹாலிஸ் பனிக்கட்டியில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அவன் மாடுகளுக்குத் தினமும் காய்ந்த புல் போட்டவன் கோர்டி. கோர்டியே சொன்னான், அதுவும் பல தடவை.

அந்தப் பக்கத்து வழக்கம் ஒன்று உண்டு. உடம்பு முடியாமல் படுத்துக் கிடந்தவன், தன் மாட்டுக்குத் தீனி போட்டவனிடம் கூலி எவ்வளவு என்று கேட்டால் அது அவமானம். 'என்ன வேணும், கேளு' என்று சொல்ல வேண்டும். அவன் கேட்டதைக் கொடுத்தாக வேண்டும். கொஞ்சம் விவஸ்தை உள்ளவன் ஒரு வேளை சாப்பாடு கேட்பான், மிஞ்சினால் ஒரு நாய்க்குட்டி. கோர்டி கூசாமல் ரூபியைக் கேட்டான்.

இதற்கு நடுவில் இந்தக் கூத்து வேறு. முந்தின நாள் அடித்த பனிப்புயலில், பக்கத்துப் பண்ணை ஆர்லிஸின் மாடுகள் காற்றுக்கு முதுகைக் காட்டி நடந்து, பனி மூடிய வேலிமேலேயே ஏறி வந்து ஹாலிஸின் மாடுகளோடு கலந்துவிட்டன. ஆர்லிஸ் டார்கர்சன் கணவனை இழந்தவள், ஐம்பதை நெருங்குகிறவள், ஹாலிஸோடு ஒரு வருஷமாகப் பேச்சு இல்லாதவள். அவனுடைய காளை ஒருமுறை வேலி தாண்டிப் போய் அவளுடைய கிடேரிகளோடு குடித்தனம் நடத்திவிட்டது. ஏப்ரலில் பிறக்க வேண்டிய கன்றுகள் ஜனவரிப் பனியில் பிறந்து, காது உறைந்து உதிர்ந்து, மொட்டைக் காதோடு வளர்ந்தன. அவளுக்குக் கோபம் வந்ததில் தப்பே இல்லை.

ஹாலிஸ் கடிவாள இரும்பைக் கோட்டுக்குள் அக்குளில் வைத்துச் சூடாக்கிக்கொண்டிருந்தான். குளிர்ந்த இரும்பை வைத்தால் குதிரையின் நாக்கில் ஒட்டிக்கொள்ளும். அப்போது ஆர்லிஸின் பழைய லாரி அவன் மேய்ச்சல் நிலத்துக்குள் வந்து, இரண்டு பண்ணைக்கும் நடுவிலிருந்த வேலிக் கதவோரம் நின்றது. பின்னால் இழுத்து வந்த பெட்டியிலிருந்து தன் சாம்பல் குதிரையை இறக்கினாள்.

"உங்க மாடு எங்க புல்லைத் தின்னு தீர்த்துடுச்சு" என்றான் ஹாலிஸ், வேறு பேச்சு கிடைக்காமல்.

"உங்க காளை பண்ணினதுக்கு இது கால்வாசிகூட இல்ல."

கோர்டி குதிரைமேல் நடுங்கிக்கொண்டிருந்தான். "அக்கா, எதுக்கு இந்தப் பாடு? லாரி ஹாரனை ஒரு தடவை அடிங்க. தீனி வண்டின்னு தெரிஞ்சு உங்க மாடு தானா உங்க பின்னாடி வந்துடும். எங்க மாடு நகராது."

"ஹாரன் வேண்டாம்" என்றாள் ஆர்லிஸ் சட்டென்று. "குதிரையிலயே பிரிச்சுடலாம்."

பிரித்தார்கள். காதில் மஞ்சள் அடையாள வில்லை இருந்தால் அவளுடைய மாடு, சிவப்பு இருந்தால் அவனுடையது. கோர்டி கதவைக் காத்தான், மற்ற இருவரும் கூட்டத்துக்குள் போனார்கள். மாடுகள் விட்ட மூச்சில் எதிரே இருப்பது தெரியவில்லை. ஹாலிஸின் மீசை விறைத்துவிட்டது. திமிர் பிடித்த ஒரு கறுப்புப் பசு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போக்குக் காட்ட, ரூபி அதன் மூக்கோடு மூக்காகத் திரும்பித் திரும்பிக் கதவுவரை தள்ளிக்கொண்டு போய்விட்டது. ஹாலிஸ் அதன் கழுத்தைத் தட்டிக்கொடுத்தான்.

"நல்ல குதிரை" என்றாள் ஆர்லிஸ்.

"இன்னியோட கோர்டிக்குப் போயிடுது. நான் கிடந்தப்ப மாட்டுக்குப் புல்லு போட்டானே."

"அப்படியா" என்று அவள் மப்ளரை மூக்குக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

கடைசி மஞ்சள் வில்லையும் அந்தப் பக்கம் போனது. ஆர்லிஸ் இறங்கிக் கதவைச் சாத்திச் சங்கிலி போட்டாள். சிவப்பு வில்லை மாடுகள் பள்ளத்துக்குத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தன. கோர்டி குதிரையைக் கட்டிவிட்டு நேரே ஆர்லிஸின் லாரிக்குள் ஏறி ஹீட்டரைப் போட்டான். ஹாலிஸுக்கு இறங்க மனம் வரவில்லை. மேய்ச்சல் நிலத்தை இன்னொரு சுற்று வந்தான். கோர்டிக்குப் பொறுமை போய்விட்டது. சீக்கிரம் வா என்று ஹாரனை இரண்டு தடவை நீளமாக அடித்தான்.

பள்ளத்தில் மாடுகள் தலை தூக்கின. முதலில் வந்தது ஹாலிஸின் நொண்டிக் கிழட்டுப் பசு. அதன் பின்னால் மொத்தக் கூட்டமும் சினை வயிறு குலுங்கப் பனியைக் கிளப்பிக்கொண்டு ஓடி வந்தது. சொந்த முதலாளியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், அவனுக்கு இரண்டு பக்கமும் பிரிந்து போய் லாரியைச் சூழ்ந்துகொண்டது. கிழட்டுப் பசு புல் வந்து விழும் இடத்தில் சரியாக நின்று, லாரியின் பக்கப் பலகையை நக்கியது.

அன்று காலை கோர்டி தன் வண்டியில் ஹாரன் அடித்துக்கொண்டுதான் வந்தான். ஒரு மாடும் திரும்பிப் பார்க்கவில்லை. ஹாலிஸுக்கு அது இப்போதுதான் உறைத்தது.

மாடுகளை விலக்கிக்கொண்டு போய் லாரிக் கண்ணாடியைத் தட்டினான். "எத்தனை நாள் புல்லு போட்ட?"

"முதல் நாள் வந்தேண்ணே, சத்தியமா. வந்து பாத்தா எல்லாம் தின்னுட்டு இருந்துச்சு. மறுநாளும் தின்னுட்டு இருந்துச்சு. நீ யாரையோ ஏற்பாடு பண்ணிட்டேன்னு நெனச்சேன்."

"அப்புறம் எதுக்குடா குதிரை கேட்ட?"

"நீதானேண்ணே என்ன வேணும்னு கேட்ட."

ஹாலிஸ் ஆர்லிஸிடம் வந்தான். அவனுக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. "ஏன் சொல்லல?"

"மாட்டோட எனக்கு என்ன சண்டை? பசியில கத்தினது எங்க வீடு வரைக்கும் கேட்டுச்சு. உங்களுக்காக ஒண்ணும் போடல."

ஹாலிஸ் ரூபியைவிட்டு இறங்கினான். "என்ன வேணும், கேளுங்க."

"குதிரை" என்றாள் அவள், யோசிக்காமல்.

அவனுக்குப் பகீரென்றது. ஆனாலும் மனக்குறை இல்லாமல் கடிவாளத்தை நீட்டினான். இவள் கேட்டால் நியாயம். ஆர்லிஸ் அதை வாங்கி, ரூபியின் நெற்றியைத் தடவிக்கொடுத்தாள்.

"எங்கிட்ட ஏற்கெனவே நாலு நிக்குது. இதையும் ஓட்ட எனக்கு நேரமில்ல. காலைல நீங்கதான் வந்து ஓட்டணும். தினமும்."

"தினமுமா?"

"பின்ன? குதிரைக்கு ஞாயித்துக்கிழமை தெரியுமா? ஏழு மணிக்குக் காபி. ஆறிப்போனா மறுபடி சுட வைக்க மாட்டேன்."

ஆறரைக்கே வந்துவிடுவதாக ஹாலிஸ் சொன்னான்.