வெள்ளை வொயினும் வெண்பூசணியும்

முப்பத்து நான்காவது கொம்பில் சாணியை அடைத்துக்கொண்டிருந்தபோது கந்தசாமி அண்ணன் வேனிலிருந்து இறங்கினார். மாட்டுக்கொம்புக்குள் கறவை மாட்டுச் சாணியைத் திணித்து, குழியில் அடுக்கி மண்ணைப் போட்டு மூடிவிட்டால் மழைக்காலம் முழுக்க உள்ளேயே கிடக்கும். வசந்தத்தில் எடுக்கும்போது சாணி வாசம் போய்க் காட்டு மண்ணாக மணக்கும். அதில் ஒரு பிடியைத் தண்ணீரில் போட்டு, ஒரு மணி நேரம் இடமும் வலமுமாகச் சுழற்றிக் கலக்கித் திராட்சைக் கொடிகளின் அடியில் தெளிப்போம். இதற்குப் பெயர் பயோடைனமிக். கோவையில் வேளாண்மை படித்துவிட்டு வந்த எனக்கு இதில் பாதியை நம்ப முடியவில்லை. நம்பாமலேதான் ஆறு வருடமாகச் செய்கிறேன். மண் மாறியிருக்கிறது, அதை மட்டும் என்னால் சத்தியம் பண்ணிச் சொல்ல முடியும்.

சொனோமா கடற்கரையிலிருந்து ஐந்தாறு மைல் உள்ளே, ஒரு மேட்டின் முதுகில் இருக்கிறது தோட்டம். ஆகஸ்டிலும் காலை பதினோரு மணிவரை மூடுபனி விலகாது. வெயில் தாமதமாக வந்து சீக்கிரம் போய்விடுவதால் காய் அவசரப்பட்டு இனிப்பதில்லை, பழுத்த பிறகும் கொஞ்சம் புளிப்பை விடாமல் வைத்துக்கொள்ளும். அந்தப் புளிப்புக்காகத்தான் லிவர்மோரில் இருக்கிற வீட்டை விட்டு வாரத்தில் நான்கு நாள் இங்கேயே தங்குகிறேன். போன வருடம் தோட்டத்து முதலாளி மார்த்தா இரண்டு வரிசைக் கொடிகளை என்னிடம் கொடுத்து, உன் இஷ்டத்துக்குப் பண்ணு என்றாள். ஒரே ஒரு பீப்பாய் வெள்ளை வொயின். ஈஸ்ட் வாங்கிப் போடவில்லை, சர்க்கரை சேர்க்கவில்லை. குளிர்காலத்தில் நொதிப்பது அப்படியே நின்றுபோனபோது எல்லோரும் ஈஸ்ட் போடச் சொன்னார்கள். மாட்டேன் என்று மூன்று மாதம் காத்திருந்தேன். ஏப்ரலில் பீப்பாயில் காதை வைத்தால் உள்ளே முணுமுணுவென்று சத்தம், நொதிப்பு தானாகவே மறுபடி தொடங்கியிருந்தது. அன்றைக்கு நான் அழுதேன். ஊற்றிச் சுவைத்துப் பார்த்துத் துப்புவதோடு சரி, ஒரு கிளாஸ் முழுதாகக் குடித்ததில்லை என்று சொன்னால் இங்கே யாரும் நம்புவதில்லை.

கந்தசாமி அண்ணன் எங்கள் முருகன் கோயில் கமிட்டித் தலைவர். டயர் கடைக்குப் பக்கத்தில் வாடகைக் கட்டடத்தில் நடக்கிற சின்னக் கோயில். அதன் சமையலறையில் பதினெட்டு வருடமாக ஞாயிறு தவறாமல் காய் நறுக்குகிறவள் நான். கந்த சஷ்டி விருந்தில் அறுநூறு பேருக்கான மோர்க்குழம்பு என் பொறுப்பு. பத்து நாள் முன்னால் அவர் ஃபோன் செய்தார், எனக்கு இல்லை, என் கணவர் நஞ்சப்பனுக்கு. சாராயம் காய்ச்சுகிற கையால் சாமி சமையல் வேண்டாம் என்று சிலர் சொல்கிறார்களாம், கொஞ்ச நாளைக்கு நான் ஒதுங்கி இருந்தால் நல்லதாம். நஞ்சப்பன் அதை என்னிடம் சொல்லிவிட்டு டிவியைப் பார்த்தார். எங்கே போனாலும் என் வேலையை ‘ஆர்கானிக் ஃபார்மிங்’ என்று சொல்லிச் சமாளிக்கிறவர் அவர். அந்தச் சமையலறைதான் இந்த நாட்டில் எனக்குக் கிடைத்த முதல் இடம், வேலையும் கார் லைசென்ஸும் பிறகு வந்தவை.

அப்படிப்பட்ட அண்ணன்தான் ஆபீஸ் ஆட்கள் ஏழெட்டுப் பேருடன் இங்கே வொயின் டூர் வந்திருக்கிறார். தொப்பியும் ரப்பர் பூட்ஸும் முழங்கை வரை சாணியுமாக நின்ற என்னைப் பார்த்து, மெக்சிகோக்காரி என்று நினைத்துக் கையை உயர்த்தி, ஸ்பானிஷில் “ஓலா” என்று வணக்கம் சொன்னார். நானும் கையை உயர்த்தினேன்.

மார்த்தா அவர்களைப் பீப்பாய் அறைக்குக் கூட்டிப்போனாள். கையைக் கழுவிக்கொண்டு நான் வாசலில் போய் நின்றபோது என் பீப்பாயிலிருந்துதான் ஊற்றிக்கொண்டிருந்தாள். அண்ணன் ஒரு வாய் குடித்தார். பேச்சை நிறுத்திவிட்டு இன்னொரு வாய் குடித்தார். கிளாஸை மறுபடி நீட்டியபடி, நான் குடித்ததிலேயே இதுதான் பெஸ்ட், யார் பண்ணியது என்று இங்கிலீஷில் கேட்டார். மார்த்தா வாசலைக் காட்டினாள். நான் தொப்பியைக் கழற்றினேன்.

பத்து நிமிடம் கழித்துக் குழிப்பக்கம் தனியாக வந்தார். முகம் வெளுத்திருந்தது.

“ஏனுங்க அக்கா, இது ஆபீஸ் டீம் அவுட்டிங். அவாய்ட் பண்ண முடியலைங்க. நீங்க யாருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க. கிச்சன் மேட்டர நானே கமிட்டில பேசி சால்வ் பண்ணிப்போடறேன். யாரு கேட்டாலும் ஃபார்மிங்னே சொல்லுங்க, பாட்டில்ல மட்டும் உங்க பேரு வேண்டாம்.”

பாட்டில்களுக்கு என்ன பெயர் வைப்பது என்று மார்த்தா வெள்ளிக்கிழமைக்குள் சொல்லச் சொல்லியிருந்தாள். அது வரைக்கும் இவர் விசாரித்திருக்கிறார். தலையை ஆட்டினால் போதும், மோர்க்குழம்பு எனக்குத் திரும்பக் கிடைத்துவிடும். ஆட்டிவிடலாமா என்று ஒரு நிமிடம் நினைத்ததும் உண்மை. பிறகு அந்த ஏப்ரல் முணுமுணுப்பு நினைவுக்கு வந்தது.

“நீங்க வந்தத நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேங்கண்ணா. நான் இத பண்றத எல்லார்கிட்டயும் சொல்லுவேன்.”

அவர் போன பிறகு மிச்சமிருந்த கொம்புகளையும் அடைத்து முடித்தேன். வெள்ளிக்கிழமை காகிதத்தில் என் பெயரை, புஷ்பவல்லி என்று தமிழிலேயே எழுதிக் கொடுத்தேன். படிக்க வரவில்லை, ஆனால் அழகாக இருக்கிறது என்றாள் மார்த்தா.

வீட்டுக்கு வந்து நஞ்சப்பனிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அண்ணன் குடித்ததைத் தவிர. நீ பண்ணுவது உனக்கே நல்லா இருக்கா என்றார். நல்லா இருக்குங்க என்றேன்.

ஞாயிறு காலை, விருந்து நாள். கோயிலுக்குப் பாட்டில் கொண்டுபோகிற ஆள் இல்லை நான். என் கத்தியையும் சந்தையில் வாங்கிய எட்டு வெண்பூசணிகளையும் கொண்டுபோனேன். நஞ்சப்பன் காரிலேயே இருக்கிறேன் என்றவர், பெட்டியின் கனத்தைப் பார்த்து இறங்கிவந்து, சமையலறை வாசல்வரை தூக்கிக்கொண்டு வந்து வைத்துவிட்டுப் போனார்.

உள்ளே ஆறேழு பெண்கள். யாரும் வாங்க என்று சொல்லவில்லை. நான் தலைக்குக் குளித்து, நெற்றியில் விபூதி வைத்திருந்தேன். நகக்கண்ணில் மட்டும் எவ்வளவு தேய்த்தும் கொம்புக்குழி மண் கறுப்பாக இருந்தது. மறைக்கவில்லை. என் வழக்கமான இடத்தில் உட்கார்ந்து முதல் பூசணியை மடியருகே இழுத்தேன். அதன் வெள்ளைச் சாம்பல் கையெல்லாம் ஒட்டியது. எதிரே இருந்த விஷாகா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் காய்ப்பலகையை என் பக்கம் தள்ளினாள்.

யாரோ போய்ச் சொல்லியிருக்க வேண்டும். கந்தசாமி அண்ணன் பட்டுவேட்டியில், கையில் வேலைப் பட்டியலோடு வாசலில் வந்து நின்றார். எல்லோரும் அவர் வாயைப் பார்த்தார்கள். அவர் என் வாயைப் பார்த்தார்.

“சும்மா நின்னுட்டிருக்கீங்களேங்கண்ணா,” என்றேன். “இது கல்லாட்டம் இருக்குது. ரெண்டாப் போட்டுக் குடுங்க.”

கத்தியைத் திருப்பி, கைப்பிடி அவர் பக்கம் இருக்கும்படி நீட்டினேன். அடுப்பில் அறுநூறு பேருக்கான மோர்க்குழம்பு அண்டாவில் தண்ணீர் சூடாகத் தொடங்கியிருந்தது. நீட்டிய கையை நான் இறக்கவில்லை.