எது முதலில் எழும்ப வேண்டும்

ஒரு சேர்வர் செத்துப்போனால் அதற்குள் ஓடிக்கொண்டிருந்த வேலைகளில் எது முதலில் எழும்ப வேண்டும், எது கடைசியில் எழும்பினால் போதும் என்று பட்டியல் போடுவது விஜிதரனின் தொழிலில் ஒரு பகுதி. பெரிய வித்தை ஒன்றுமில்லை. வாடிக்கையாளரைக் கேட்க வேண்டும், சொன்னதை எழுத வேண்டும், கையெழுத்து வாங்க வேண்டும். கேட்பதில்தான் எல்லாமே இருக்கிறது என்பது அவனுக்குத் தெரியாததல்ல.

பெப்ரவரியில் கொழும்பு ஆபீஸ் அவனை நுவரெலியாவுக்கு அனுப்பியது. ஆறு தேயிலைத் தோட்டங்களை நடத்தும் ஒரு கம்பெனி. பதினான்கு பழைய கம்ப்யூட்டர்கள் பதினான்கு மூலைகளில் தூசி தின்றுகொண்டிருந்தன. அவற்றின் வேலைகளை எல்லாம் சில பெரிய சேர்வர்களுக்குள் மெய்நிகர் இயந்திரங்களாகக் குடியேற்ற வேண்டும். ஒரே கூரை, உள்ளே வரிசையாகக் காம்பராக்கள், ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பம். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் அசல் லயம். முதல் நாளே இது அவனுக்குத் தோன்றியது, ஆனால் வாயைத் திறக்கவில்லை. கொழும்பில் யாராவது கேட்டால் அவன் ஊர் கண்டி. ஏழு வருஷமாக அப்படித்தான் சொல்லி வைத்திருந்தான். கினிகத்தேனைக்கு மேலே ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவன் என்பதோ, அம்மா ராக்காயி இன்னும் கொழுந்தெடுக்கப் போகிறாள் என்பதோ அங்கே ஒருவருக்கும் தெரியாது. அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று நாம் கேட்கலாம். கேட்பது சுலபம்.

மூன்று சேர்வர் வேண்டும் என்று அவன் வரைந்து கொடுத்தான். கம்பெனியின் கணினிப் பிரிவு மெனேஜர் வீரக்கொடி இரண்டு போதும் என்றார். இரண்டில் ஒன்று விழுந்தால் மற்றது பதினொரு இயந்திரங்களைத்தான் தாங்கும், மூன்று வெளியே நிற்க வேண்டிவரும் என்று விஜிதரன் எடுத்துச் சொன்னான். “நிற்கட்டும். எந்த மூன்று என்று நான் சொல்கிறேன்” என்றார் அவர்.

முதலிடம் கொழுந்து நிறுவைக்கு. பிறகு ஏலத்துக்கு அனுப்பும் தேயிலை, ஆள் வரவு, மின்னஞ்சல் என்று இறங்கிக்கொண்டே வந்தது. பதினோராவது, வெள்ளைக்காரப் பயணிகள் தங்கும் பங்களாவின் அறைப் பதிவு. பன்னிரண்டாவது, மழை எச்சரிக்கை. சரிவுகளில் நட்டிருக்கும் மழைமானிகளைப் பார்த்துக்கொண்டிருந்து, அளவு மிஞ்சினால், மண் சரியும் முன்பே கீழே லயங்களில் இருக்கும் போன்களுக்கு ‘வெளியேறுங்கள்’ என்று செய்தி அனுப்பும் இயந்திரம் அது. நாலு மணி நேரத்துக்குள் எழும்பினால் போதும் என்றார் வீரக்கொடி. “மழை தினமுமா பெய்கிறது?” நுவரெலியாவில் உட்கார்ந்துகொண்டு இதைக் கேட்க ஒரு தனி நெஞ்சு வேண்டும். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. விஜிதரன் எழுதிக்கொண்டான்.

மறுநாள், எச்சரிக்கைப் போனை வைத்திருப்பவர்களைப் பிரிவுக்கு ஒருவராகக் கூப்பிட்டிருந்தார்கள். உடப்புசல்லாவைப் பக்கத்துத் தோட்டத்தின் கீழ்ப்பிரிவிலிருந்து ஜீவராணி வந்தாள். அம்மாமார் மலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகும் புள்ளக் காம்பராவைப் பார்த்துக்கொள்பவள். கூட்டம் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் நடந்தது. அவள் தமிழில், விஜிதரனைப் பார்த்துப் பேசினாள்.

“முன்னாடியெல்லாம் மலையிலேர்ந்து குழாய்ல விழுற பீலித் தண்ணி கலங்கி வந்தா நாங்களே புள்ளைங்கள தூக்கிக்கிட்டு கோயிலுக்கு ஏறிருவோங்க. அம்மாமாருங்க மலைய விட்டு ஓடியாந்துடுறாங்க, அரைநாள் கொழுந்து போகுதுன்னு இப்ப ஆபீஸ்ல தடுத்துட்டாங்க. போன்ல மெசேஜ் வந்தாத்தான் எடுக்கணுமாம். சரிங்க, அப்படியே செய்றோம். ஆனா இந்த மிஷின் படுத்துட்டா எவ்வளவு நேரத்துல எழும்பும்? தண்ணி கலங்குனா அதுக்கப்புறம் எங்களுக்கு அரை மணி நேரந்தாங்க இருக்கு.”

பத்து வருஷத் தொழிலில் ஒரு தேவையை இவ்வளவு சுத்தமாக அவனுக்கு யாரும் சொன்னதில்லை. அளவு இருந்தது, காரணம் இருந்தது, தவறினால் என்ன ஆகும் என்பதும் இருந்தது. நாலு மணி நேரத்தை அடித்துவிட்டு அரை மணி என்று எழுதப் பேனாவைத் திறந்தான். அப்போதுதான் அவள் அவன் முகத்தை உற்றுப் பார்த்துச் சிரித்தாள்.

“தம்பி, நீங்க ராக்காயி அக்கா மகன்தானே? நானும் உங்க லயம்தாங்க, கல்யாணம் கட்டி இந்தப் பக்கம் வந்துட்டேன். உங்கள இடுப்புல வச்சுக்கிட்டு திரிஞ்சிருக்கேன்.”

அவனோடு கொழும்பிலிருந்து வந்த, தமிழ் தெரியாத இரண்டு பேரும் சிரிப்பைக் கேட்டு நிமிர்ந்து பார்த்தார்கள். “என்ன சொல்கிறார்?” என்றார் வீரக்கொடி.

இன்னும் ஒரு நிமிஷம் அவள் அங்கே நின்றால் அம்மா, லயம், ஏழு வருஷத்துக் கண்டி எல்லாம் மேசைமேல் வந்து விழுந்துவிடும். “மெசேஜ் தன்னுடைய போனுக்கு வருமா என்று கேட்கிறார்” என்றான் ஆங்கிலத்தில்.

“வரும் என்று சொல்லுங்கள்.”

“வரும்க்கா. நீங்க போகலாம்.”

“நான் கேட்டதையெல்லாம் சொல்லிட்டீங்களா தம்பி?”

“சொல்லிட்டேன்.”

அவள் கும்பிட்டுவிட்டுப் போனாள். பேனாவை மூடினான். பிறகு எழுதிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தான். பிறகு என்ற நேரம் வரவே இல்லை. நாலு மணி நேரம் என்றே அச்சாகி, கையெழுத்தும் ஆனது.

நவம்பரில் மூன்று நாள் விடாத மழை. மூன்றாம் நாள் பகல் ஒன்று முப்பத்தைந்துக்கு இடி இறங்கி நுவரெலியாவில் ஒரு சேர்வர் செத்தது. பதினொரு நிமிஷத்தில் பதினொரு இயந்திரங்களும் மற்றதில் எழும்பிவிட்டன. கொழும்பில் அந்தத் தகவலைப் பார்த்த விஜிதரன், போட்ட கணக்குப் பிசகவில்லை என்று சந்தோஷப்பட்டான். பக்கத்து மேசைக்காரனுக்கும் காட்டினான். பங்களாவில் யார் எந்த அறையில் தங்குகிறார்கள் என்பது பத்திரமாக இருந்தது.

கீழ்ப்பிரிவில் பீலித் தண்ணீர் இரண்டு பத்துக்குக் கலங்கிச் சிவந்தது. புள்ளக் காம்பராவில் பதினொரு பிள்ளைகள். உதவிக்கு வரும் பெண் அன்று வரவில்லை. ஜீவராணி போனைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். தோட்டத்து ஆபீஸுக்கு இரண்டு தரம் அடித்தாள். மெசேஜ் வந்ததா, வராவிட்டால் இரு என்றார்கள். இரண்டு ஐம்பதுக்கு அவளால் பொறுக்க முடியவில்லை. நடக்கிற ஒன்பது பேரையும் கோர்த்துப் பிடித்துக்கொண்டு மேட்டுக்கு ஏறினாள். தொட்டிலில் தூங்கிய இரண்டையும் எடுக்கத் திரும்பி ஓடியபோது மலை புள்ளக் காம்பராமேல் இறங்கிவிட்டது. ஒன்று, அதே லயத்து வேலாயியின் பேரப்பிள்ளை, எட்டு மாதம். மற்றது ஷாமிலா, இன்னும் தவழவில்லை.

விசாரணை ஜனவரியில், நுவரெலியாவில். கம்பெனி எழுதிக் கொடுத்திருந்த விளக்கம் ஒரு பக்கம்தான். கட்டமைப்பு கையெழுத்தான தேவைகளின்படியே இயங்கியது. ஆபத்தைக் கண்ட பிறகும் நாற்பது நிமிஷம் தாமதித்தது பிள்ளைகளைப் பார்க்கும் பெண். ஜீவராணிக்கு வேலை போய்விட்டது. இந்த விசாரணையில் அவள்மேல் குற்றம் நின்றால் வழக்கும் வரும். விஜிதரன் தொழில்நுட்பச் சாட்சியாக வந்திருந்தான். இரண்டு மாதமாக அவனுக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் யாரிடமும் எதையும் சொல்லவில்லை. கூட்டக் குறிப்பிலும் ஒன்றுமில்லை.

மொழிபெயர்ப்பாளர் அன்று வரவில்லை. விசாரணை அதிகாரி, நரைத்த தலைமுடியுள்ள ஒரு சிங்களப் பெண்மணி, சுற்றும் பார்த்துவிட்டு, “உங்களுக்குத் தமிழ் தெரியும்தானே, நீங்களே சொல்லுங்கள்” என்றார் அவனிடம். “தண்ணீர் கலங்கியதைக் கண்டீர்கள். ஏன் காத்திருந்தீர்கள் என்று கேளுங்கள்.”

கேட்டான். ஜீவராணி எழுந்து நின்றாள். பெப்ரவரியில் பார்த்த ஆளாக அவள் இல்லை, ஒட்டி உலர்ந்துபோயிருந்தாள்.

“ஆபீஸுக்கு எல்லாம் தெரியுங்க. கூட்டத்துல நானே கேட்டேன், மிஷின் படுத்துட்டா என்ன செய்றது, எங்களுக்கு அரை மணி நேரந்தான்னு. இந்தத் தம்பிதான் எல்லாத்தையும் எடுத்துச் சொன்னாங்க. வரும்னுட்டாங்க. அதான் காத்துக்கிட்டிருந்தேன்.”

“சுருக்கமாகச் சொல்லுங்கள்” என்று வீரக்கொடி பின்னாலிருந்து முணுமுணுத்தார். சுருக்கத்தான் முடியும். காத்திருக்கச் சொன்னதாகச் சொல்கிறார் என்று நாலு சொல்லில் முடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் கொழும்புக்கு ஏறலாம். அவளுக்குச் சிங்களம் அரைகுறை.

விஜிதரன் ஒரு சொல் விடாமல் சிங்களத்தில் சொன்னான். பிறகு, “அவர் சொல்வதில் ஒன்றுதான் தவறு. அவர் கேட்டதை நான் யாரிடமும் சொல்லவில்லை. போனுக்கு மெசேஜ் வருமா என்று கேட்பதாகப் பொய் சொன்னேன்” என்றான்.

அதிகாரியின் பேனா நின்றது. வீரக்கொடி எழுந்து என்னவோ சொல்ல ஆரம்பித்தார். ஜீவராணி ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டு அவனிடம் திரும்பினாள்.

“என்ன தம்பி, எல்லாரும் உங்களையே பாக்குறாங்க? என்ன சொன்னீங்க?”

இதை மட்டும் அவன் எதிர்பார்த்திருக்கவில்லை. சிங்களத்தில் வந்த சொற்கள் தமிழில் வர மறுத்தன.

“அக்கா... அன்னைக்கு நீங்க கேட்டத நான் அவங்ககிட்ட சொல்லவே இல்ல.”

திட்டுவாள் என்று நினைத்தான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பான்.

“அப்ப அந்த அரை மணி நேரம் அவங்க யாருக்குமே தெரியாதா?”

“தெரியாதுக்கா.”

ஜீவராணி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“தெரியாதுன்னு எங்கிட்டயாவது சொல்லியிருக்கக் கூடாதா தம்பி? தண்ணி கலங்குனதுமே ரெண்டையும் தூக்கியிருப்பேனே.”