இடது ஸ்பீக்கர் வாய் திறந்த கதை

பல் டாக்டர் ஆசைப்பட்டு வாங்கி வந்த பழைய ஆம்ப்ளிஃபையரில் வலது ஸ்பீக்கர் மட்டும்தான் பாடியது. "ஒத்தக் காது மெஷின்" என்று கணவர் கேலி செய்தார். அதைக் கேட்டு ரோஷம் வந்தது டாக்டருக்கு அல்ல, அவள் நாத்தனாருக்கு. "இன்னிக்கு ஒரு கை பாத்துடலாம் அண்ணி" என்று ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே ஸ்க்ரூ டிரைவரோடு வந்து நின்றாள்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு மூடியைக் கழற்றினார்கள். உள்ளே மெத்தை மாதிரி தூசி. நாத்தனார் ஊதியதில் இருவரும் மாறி மாறித் தும்மினார்கள். டாக்டர் பல் பார்க்கும் குட்டிக் கண்ணாடியை உள்ளே நுழைத்து, "எங்க, ஆ காட்டு ராஜா" என்றாள். நாத்தனார் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த டார்ச் ஆடியது.

வால்யூம் குமிழுக்குப் பின்னால் ஒரு கம்பி ஈயப் பற்று விட்டுத் தனியே கிடந்தது. டாக்டர் சால்டரிங் அயர்னைச் சூடாக்கி அதைப் பக்குவமாகப் பற்றவைத்தாள்.

மூடியை மாட்டி, பிளக்கைச் சொருகி, ரெகார்ட் பிளேயரில் ரெகார்டைச் சுழலவிட்டார்கள். சத்தமே இல்லை. வால்யூமை முழுசாகத் திருப்பியும் மூச்சு இல்லை. இருவர் முகமும் தொங்கிப்போனது.

"ஐயோ அண்ணி, முள்ளையே வைக்கலையே!" என்று நாத்தனார் முள்ளை இறக்கினாள்.

மேளம் இடியாக இறங்கியது. ஜன்னல் கிடுகிடுத்தது. பாதி முகத்தில் சவர நுரையோடு கணவர் ஓடி வந்து என்னவோ கத்தினார், யாருக்கும் கேட்கவில்லை.

டாக்டர் சத்தத்தைக் குறைத்து, அவரை இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே இழுத்து நிறுத்தினாள். "இப்பக் கேளுங்க!"

வலப்பக்கம் வயலின், இடப்பக்கம் மேளம். "அடேயப்பா!" என்றவர் நின்ற இடத்திலேயே ஆடத் தொடங்கினார். தங்கை அண்ணன் கையைப் பிடித்துச் சுற்றினாள். நுரை மூன்று பேர் மேலும் பறந்தது.